குளிக்கப் போகாத பையன்

அத்தியாயம் ஏழு

“என் பையன் குளிச்சிருக்கவே மாட்டான், அட்டர்னி.”

பெனிங் இதை மறுபடியும் சொன்னாள். இல்டா பல்மாரெஸ் தலையாட்டினாள். அவள் அட்டர்னி இல்லை. சட்டம் படித்தவள், ஒரு வக்கீல் அலுவலகத்துக்குத் துப்புத் துலக்கிக் கொடுப்பவள், கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பக்கோலோட் நகரத்தில் கண்ணாடி போட்டுக் கையில் கோப்பு வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் ஏழைகளுக்கு அட்டர்னிதான். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

கட்டிலில் பையன் கிடந்தான். கால்மாட்டு அட்டையில் ரெய்னெர் காடுயா என்று எழுதியிருந்தது. கன்யவெரால் அகாடமியின் உயரம் தாண்டும் வீரன். கழுத்தைச் சுற்றிக் கவசம், தொண்டையில் குழாய். பேச முடியாது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அம்மா போகும் பக்கமெல்லாம் போனது.

போன வாரம் பயிற்சி முடிந்த பிறகு, பள்ளிக் குளியலறையில் தானாக வழுக்கி விழுந்தான் என்றது பள்ளி. குளியலறையில் விழுந்தவனுக்குப் பள்ளி பொறுப்பில்லை. பயிற்சியில் விழுந்திருந்தால் பள்ளிதான் பொறுப்பு, அவனை அடுத்த தீவிலுள்ள செபு நகரத்துக்குக் கொண்டுபோய் முதுகெலும்பு ஆபரேஷன் செய்து முடிக்கும்வரை. இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் இல்லை. நாள் போகப் போகப் பலனும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் இவ்வளவுதான். ஒரு பையன் எங்கே விழுந்தான் என்பதில் அவன் கை கால்கள் இருந்தன.

“குளிக்க மாட்டான்னு எப்படிச் சொல்றீங்க, நாங் பெனிங்?” இல்டா கேட்டாள். நாங் என்றால் அக்கா. வயதில் மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெக்ரோஸ் தீவில் நாய்கூடத் திரும்பாது.

“ஓடி ஆடி உடம்பு கொதிக்கிறப்ப தண்ணியில கை வைக்கக் கூடாதுன்னு பாலோட சேத்து ஊட்டி வளத்தேன். பாஸ்மா வந்துடும்ல? நரம்பு முறுக்கிக்கும், கை நடுங்கும். வீட்டுக்கு வந்தாக்கூட ஒரு மணி நேரம் உக்காந்து வேர்வை ஆறுனாதான் முகம் கழுவுவான். இவனா குளிச்சான்?”

“எங்க வீட்லயும் அதே சட்டம்தான்,” என்றான் டாங்டாங், வெல்லம் வைத்த பியாயா ரொட்டியை வாயில் மென்றபடி. இல்டாவின் உதவியாளன். மோட்டார்சைக்கிள் ஓட்டுவது, நோட்டீஸ் கொடுப்பது, வேண்டாத இடத்தில் வாய் திறப்பது ஆகிய வேலைகளுக்காக அவள் வைத்திருந்தாள். “நான் பள்ளிக்கூடத்துல ஓடிப்பிடிச்சு விளையாடிட்டு வந்து குளிச்சேன்னு எங்கம்மா அடிச்ச அடியில, பாஸ்மா என்னன்னு பாஸ்மாவுக்கே மறந்துபோச்சு.”

“தின்னு முடிச்சுட்டுப் பேசுடா.”

“முடிச்சுட்டா பேச்சு வராது பாஸ். வண்டிக்கு டீசல் மாதிரி.”

பெனிங்கின் உதடு கொஞ்சம் அசைந்தது. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சேர்த்த அன்று ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுத்த உடைகள். கத்தரிக்கோலால் கிழித்த பனியன். அரைக்கால் சட்டை. ஒரு சின்னத் துண்டு.

இல்டாவின் கை துண்டின் மேல் நின்றது.

“இது எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? முதுகுலதான். பனியனுக்குள்ள. அன்னைக்குக் காலையில துவைச்சுக் காய்ஞ்சதை நான்தான் சொருகி அனுப்பினேன். நர்ஸ் பொண்ணு பனியனை வெட்டினப்போ முதுகுக்கு அடியிலேர்ந்து உருவிச்சாம்.”

அந்தத் தீவில் தாய் உள்ள எந்தப் பிள்ளைக்கும் முதுகில் ஒரு துண்டு இருக்கும். பனியனுக்குள் நுழைத்து, வால் மட்டும் காலருக்கு வெளியே தொங்கும். வேர்வை முதுகிலேயே காய்ந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்பது பயம். குதிக்கிற பிள்ளை கல்யாண வயசானாலும் தாய் சொருகுவதை நிறுத்துவதில்லை.

“டாங்டாங், நீ குளிக்கப் போறப்ப முதுகுத் துண்டை என்ன பண்ணுவே?”

“பாஸ், சிகரெட்டோட குளிச்சவனைப் பாத்திருக்கேன். செல்போனோட குளிச்சவனைப் பாத்திருக்கேன். பனியனும் துண்டும் போட்டுக்கிட்டுக் குளிச்சவனை நம்ம ஊர்ல ஒரு சாமியார்கூடச் சொன்னதில்ல.”

இல்டா துண்டை விரித்தாள். வேர்வை உப்பில் விறைத்துப்போயிருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் உப்பு ஓடியிருக்கும். நூலிழைகளுக்குள் பழுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ சிக்கியிருந்தது. தொட்ட விரலிலும் முன்கையிலும் சுணை ஏறி அரிக்கத் தொடங்கியது. அந்த அரிப்பை அவளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு விடுமுறையெல்லாம் அந்த அரிப்போடுதான் கழிந்தது.

“கரும்புச் சருகு.”

“இப்பல்லாம் அவனைக் காட்டுப் பக்கமே நான் விடுறதில்ல,” என்றாள் பெனிங் பதறி. “படிக்கணும்னு...”

“தெரியும். அதனாலதான் கேக்கறேன். பள்ளிக்கூடக் குளியலறையில சருகு எப்படி வந்துச்சு?”

துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு பெயர் தைத்திருந்தது. கைத்தையல், நெருக்கமான தையல். லிட்டோ.

“வீட்டுப் பேரா?” என்றாள் இல்டா.

பெனிங் பையனைப் பார்த்தாள். “ம்,” என்றாள்.

“எனக்கு ஞானஸ்நானத்துல மாக்ஸிமோன்னு வெச்சாங்க,” என்றான் டாங்டாங். “அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறது போலீஸ் மட்டும்தான். எங்கக்கா பேரு மரியா இம்மாகுலதா, கூப்பிடறது பேபி. பேபிக்கு நாலு பேபி. எங்க தெருவுல ஒரு தபால்காரன் வேலையை விட்டே ஓடிட்டான்.”

இந்தத் தடவை பெனிங் சிரிக்கவில்லை. பையனின் நெற்றியைத் துடைத்து, “தோத்தோ, அம்மா இங்கதான் இருக்கேன்டா,” என்றாள். தோத்தோ என்றால் பையா, அவ்வளவுதான். ஊரிலுள்ள பாதிப் பையன்கள் தோத்தோதான்.

“இந்தத் துண்டை நான் எடுத்துட்டுப் போகட்டுமா, நாங்?”

“திருப்பிக் கொண்டாந்துடுவீங்கல்ல? படுத்தே கிடக்கான், முதுகு வேர்க்குது.”

“கொண்டாந்துடறேன். செபு டிக்கெட்டோட.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

---

கன்யவெரால் அகாடமி, சர்க்கரை ஆலைச் சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி. பதக்கம் வாங்கித் தர மட்டும் கரும்பு வெட்டுபவர்களின் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும். ஆலையில் கரும்பைச் சேர்த்துக்கொள்வது போலத்தான். சாறு எடுக்கும் வரை கரும்புக்கு மரியாதை.

கோச் பாதெர்னோ வாசலிலேயே காத்திருந்தார். குள்ளம், கட்டை உடம்பு, முன்கை முழுக்கப் பழைய கீறல்கள். சண்டைச் சேவல் வளர்ப்பவர்களுக்கு அந்தக் கை இருக்கும்.

“வாங்க மேம். குளியலறையைத்தானே பாக்கணும்? தாராளமாப் பாருங்க. மறைக்க ஒண்ணும் இல்ல.”

“மறைக்க ஒண்ணும் இல்லேன்னு நான் கேக்கவே இல்லையே, கோச்.”

குளியலறை பளபளத்தது. பிளீச்சிங் வாசனை கண்ணை எரித்தது. தரை ஈரமாக இருந்தது. சோப்புக் கிண்ணத்தில் ஒரு வெள்ளைச் சோப்பு.

“இந்த இடத்துலதான் மேம். சோப்பு நுரையில கால் வழுக்கி, பின்பக்கமா...” கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுக்கப்புறமும் பசங்க இங்கதான் குளிக்கிறாங்களா?”

“தினமும்.”

இல்டா சோப்பை எடுத்துக் காட்டினாள். கம்பெனிப் பெயரின் எழுத்துகள் முனை மழுங்காமல் நின்றன. “ரொம்பப் பணிவான சோப்பு. ஒரு டீமே குளிச்சும் தன் பேரை விட்டுக் குடுக்கல.”

“புதுசு மேம். இன்னைக்குத்தான் வெச்சோம்.”

“ஷவர்?”

கோச் குழாயைத் திருகினார். குழாய் இருமியது. துருப்பிடித்த தண்ணீர் சிவப்பாகச் சொட்டியது, நின்றது.

“இன்னைக்குத் தண்ணி வரல,” என்றார் கோச்.

“தண்ணி வராதது இன்னைக்கா, இந்தப் பிறவியிலயா?” என்றான் டாங்டாங்.

அப்போதுதான் அவர் வந்தார். சாட்சி. செந்நிறக் கழுத்து, நீலவால், ஒரு காலில் அறுந்த கயிறு. சண்டைச் சேவல் ஒன்று வாசல் வழியாக நிதானமாக நடந்து வந்து, மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, படபடவென்று பறந்து ஷவர் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் வீட்டுக்கு வந்தவனின் நிம்மதியோடு எச்சமிட்டது.



டாங்டாங் தொப்பியைக் கழற்றினான். “மன்னிக்கணும் சார். நீங்க குளிக்க வந்தது தெரியாமப் போச்சு.”

கோச்சின் முகம் வெளுத்தது. குழாயின் மேல்புறத்தில் பிளீச்சிங் எட்டாத இடத்தில் பழைய எச்சம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“எத்தனை நாளா இது உங்க சேவல் கொட்டகை, கோச்?”

“மேம்... அது வந்து...”

“விடுங்க. மைதானத்தைக் காட்டுங்க.”

மைதானத்தில் உயரம் தாண்டும் கம்பங்கள் இரண்டும் நின்றன. நடுவில் குறுக்குக்கம்பி இல்லை. பின்னால், முதுகால் விழுகிற பிள்ளையைத் தாங்குகிற தடித்த மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் புல் இருந்தது. இல்டா உட்கார்ந்து புல்லைத் தடவினாள்.

“மெத்தை எங்க?”

“விபத்துக்கப்புறம் பத்திரமா உள்ள எடுத்து வெச்சுட்டோம்.”

“மெத்தைக்கு அடியில கிடந்த புல்லு மஞ்சளாச் செத்துக் கிடக்கணும், கோச். இது ஆடு மேயற அளவுக்குப் பச்சையா இருக்கு. மெத்தை போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.” அவள் எழுந்தாள். குரல் உயரவில்லை. அவள் குரல் உயராதபோது டாங்டாங் ஓர் அடி தள்ளி நிற்பான். “அந்தச் சமயம் ஊர்த் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிங்க உங்க வகுப்பறையிலதானே தங்கினாங்க? அவங்க படுத்துக்க மெத்தையைக் குடுத்தீங்களா?”

கோச் தரையைப் பார்த்தார். “டைரக்டர் கேட்டார். வேணாம்னு சொல்ல நான் யாரு? போனது திரும்பி வரல.”

“அதுக்குப் பதிலா சாக்குல கரும்புச் சருகை அடைச்சுப் போட்டீங்க. பிள்ளை அதுல தலைகீழா விழுந்தான். சாக்கு விலகிச்சு.”

“மாகாணப் போட்டிக்கு நாள் இல்ல மேம்.” அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. “அவன்தான் மேம் இன்னொரு தடவை குதிக்கிறேன்னான்...”

“அவன் குதிக்கிறேம்பான். வேணாம்னு சொல்லத்தானே உனக்குச் சம்பளம்.”

மரியாதை போய்விட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து மோட்டார்சைக்கிளை உதைத்த டாங்டாங், “முடிஞ்சுது பாஸ். அந்தாள் குடுமி நம்ம கையில. எனக்கு ஒரு சந்தேகம்தான். இவனும் இந்த ஊர்க்காரன்தானே? ஆடி முடிச்ச பிள்ளை குளிச்சான்னு சொன்னா ஒரு கிழவிகூட நம்பமாட்டாள்னு இவனுக்குத் தெரியாதா?” என்றான்.

“தெரியும். அதனாலதான் சொல்றேன், பொய்யைச் சொன்னது இவன், யோசிச்சது இவன் இல்ல. ஜிம்முக்குப் போயிட்டு வந்து வெந்நீர்ல குளிக்கிற யாரோ. மணிலா மூளை.”

---

மணிலா மூளைக்கு அட்டர்னி இந்தால் என்று பெயர், பள்ளியின் வக்கீல். டைரக்டரின் அறையில், டைரக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். டைரக்டர் ஊரில் இல்லையாம். சுவரில் கோப்பைகள். ஒரு மூலையில் கோச் நின்றார், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவன் போல.

“காபி?”

“வேணாம்,” என்றாள் இல்டா.

“எனக்கு வேணும்,” என்றான் டாங்டாங். “இவங்க வேலை முடிக்கிறதுக்குள்ள குடிச்சுடுவேன். சீக்கிரம் முடிச்சுடுவாங்க.”

இல்டா வேலையை ஆரம்பித்தாள். பாஸ்மா. எழுத்து அழியாத சோப்பு. ஷவரில் குடியிருக்கும் சேவல். பச்சைப் புல். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். இந்தால் குறுக்கிடவில்லை. கடைசியாகப் பையைத் திறந்து துண்டை எடுத்து விரித்தாள்.

“இது பையனோட முதுகுல பனியனுக்கு அடியில இருந்தது. உருவின நர்ஸ் சாட்சி சொல்லுவாங்க. வேர்வை உப்பு அப்படியே இருக்கு. கரும்புச் சருகு சிக்கியிருக்கு. அவன் உங்க மைதானத்துல, உங்க கோச் கண்ணு முன்னால, நீங்க போட்ட சாக்குல விழுந்தான். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம்தான் அவனுக்குத் தாய் தகப்பன். சட்டம் அது. ‘அடிபட்டா நாங்க பொறுப்பில்ல’ன்னு அவங்கம்மாகிட்ட நீங்க வாங்கின கையெழுத்தைச் சுருட்டிக் காது குடைஞ்சுக்கலாம். செபுவுக்கு ஏற்பாடு பண்ணுங்க. இன்னைக்கே.”

டாங்டாங் காபியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கைதட்டினான். இரண்டே தட்டு.

இந்தால் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

“நல்ல வேலை. நிஜமாச் சொல்றேன். குளியலறை என் யோசனைதான். உங்க ஊர் நம்பிக்கை எனக்குத் தெரியாமப் போச்சு, என் தப்பு.” துண்டின் ஓரத்தைப் பிடித்து இல்டாவின் பக்கம் திருப்பினார். “லிட்டோ யாரு?”

“வீட்டுப் பேரு.”

“யாரு சொன்னது?”

“அவங்க அம்...” இல்டா நிறுத்தினாள். அம்மா சொல்லவில்லை. இவள்தான் சொன்னாள். அம்மா ‘ம்’ என்றாள்.

“கோச்,” என்றார் இந்தால், திரும்பாமலே. “லிட்டோ யாரு?”

மூலையிலிருந்து குரல் வந்தது. “மூத்தவன் சார்.”

“ரெய்னெர்?”

“ரெண்டு வயசு இளையவன். மூணு வயசுலயே... காய்ச்சல்ல...”

வெளியே எங்கோ சேவல் கூவியது.

“கரும்புக் காட்டுப் பக்கமெல்லாம் பிறப்பைப் பதிவாங்க, சாவைப் பதிய மாட்டாங்க,” என்றார் இந்தால். “பதியப் போக ஒரு நாள் கூலி போகும் பாருங்க. அதனால ரெய்னெர் காடுயா காகிதத்துல வளந்துகிட்டே இருந்தான். லிட்டோ கரும்பு வெட்டப் போய் ரெண்டு வருஷம் படிப்பை விட்டுட்டு வந்தான். நல்லாக் குதிப்பான், ஆனா போட்டிக்கு வயசு தாண்டிடுச்சு. தம்பி பேரைப் போட்டுக்கிட்டான். இப்ப சொல்லுங்க மிஸ் பல்மாரெஸ். விழுந்தது யாரு?”

இல்டா துண்டின் சிவப்புத் தையலைப் பார்த்தாள்.

“நீங்க சொன்ன சட்டம் பதினெட்டுக்குக் கீழ உள்ள எங்க மாணவனுக்கு. லிட்டோவுக்குப் பத்தொன்பது. லிட்டோன்னு ஒரு மாணவன் எங்ககிட்ட இல்ல. பொய்ப் பேர்ல உள்ள வந்த வெளியாள் ஒருத்தன் எங்க மைதானத்துல விழுந்திருக்கான். காகிதத்தைக் கொண்டாந்து, ‘இவன்தான் ரெய்னெர்’னு கையெழுத்துப் போட்டது அவன் அம்மா. நாங்க ஏமாந்தவங்க.”

“உங்க கோச்தான் அந்தப் பேரைப் போட்டுக்கச் சொன்னாரு!”

“இருக்கலாம். சாட்சி யாரு? அந்த அம்மாவா? அவங்க முதல் குற்றவாளி. டீம் பசங்களா? எல்லாரும் இலவசமாப் படிக்கிறவங்க. கேட்டுப் பாருங்க. கோச், நீங்க சொன்னீங்களா?”

கோச் வாயைத் திறந்தார். மூடினார். “இல்ல சார்,” என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

“முதல் நாளே தெரியும் உங்களுக்கு,” என்றாள் இல்டா.

“பின்ன? மைதானத்துல விழுந்தான்னு சொன்னா விளையாட்டு அலுவலகத்துலேர்ந்து வருவாங்க. பிறப்புச் சான்றை மறுபடி சரிபாப்பாங்க. அங்க நிக்கிற கோப்பையெல்லாம் போகும். அந்த அம்மா ஜெயிலுக்குப் போவாங்க. குளியலறையில விழுந்தா யாரும் எதையும் கேக்கமாட்டாங்க. ரெய்னெர் ரெய்னெராவே இருப்பான், மாணவர் காப்பீடு இந்த ஆஸ்பத்திரிச் செலவைக் குடுத்துகிட்டு இருக்கும். நான் அவங்களையும் சேத்துத்தான் காப்பாத்தினேன்.”

“செபு?”

“காப்பீட்டுல செபு இல்ல.”

“மனசாட்சியில?”

“அது என் துறை இல்ல.” இந்தால் துண்டை நான்காக மடித்தார், ஒரு வேலைக்காரப் பெண்ணைப் போல நேர்த்தியாக. பெயர் வெளியே தெரியும்படி மடித்து அவள் கையில் வைத்தார். “கோர்ட்டுக்குக் கொண்டு போங்க. ரொம்ப நல்ல ஆதாரம். நான்கூட இவ்வளவு எதிர்பார்க்கல.”

இல்டாவுக்குச் சட்டம் தெரியும். ஏமாற்றைத் தூண்டியவன் பொறுப்பு, கவனக்குறைவு, வெளியாளானாலும் பாதுகாக்கும் கடமை என்று பத்து வாதங்கள் அவள் தலையில் ஓடின. பத்தும் ஜெயிக்கக்கூடியவை. வருஷக்கணக்கில் நடந்து ஜெயிக்கக்கூடியவை. ஒவ்வொன்றும் பெனிங்கைக் கூண்டில் ஏற்றித்தான் தொடங்கும். கட்டிலில் கிடப்பவனுக்கு வருஷம் இல்லை. வாரமே இல்லை.

மோட்டார்சைக்கிளில் பாதி வழி வந்த பிறகு, “பாஸ், அந்தாளோட காபியை நான் குடிச்சுட்டேன்,” என்றான் டாங்டாங்.

“சரி.”

“வாந்தி எடுக்கணும் போல இருக்கு.”

“ஓட்டு.”

---

வெயில் வார்டுக்குள் சாய்வாக வந்து கட்டில் கால்களில் கிடந்தது. பெனிங் ஒரு அட்டையால் பையனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“துண்டு உதவிச்சா, அட்டர்னி?”

இல்டா அதை அவளிடம் நீட்டினாள். பெயர் வெளியே தெரிந்தது. பெனிங் அதைப் பார்த்தாள், இல்டாவின் முகத்தைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

“கோச் சத்தியம் வாங்கினாரு,” என்றாள் மெதுவாக. “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. எனக்கு அன்னைக்கே மனசே ஒப்பல. செத்த பிள்ளை பேரை எப்படிப் போடறதுன்னு கேட்டேன். ‘அவன் என்ன பேரைத் திருப்பிக் கேக்கவா போறான், நாங்?’ன்னாரு. இவன் கெஞ்சினான். படிப்பு கிடைக்கும்மான்னு கெஞ்சினான்.”

“துண்டுல ஏன் தைச்சீங்க?” கேட்டது டாங்டாங். குரல் அவனுடையதாக இல்லை.

“பயம்தான். சாவு பேரைப் பாத்துத்தான் வரும்னு சொல்லுவாங்கல்ல. அது ரெய்னெரைத் தேடி வந்து இவனைப் பாத்துக் குழம்பிடக் கூடாதுல்ல. சட்டையில எந்தப் பேரு இருந்தாலும் முதுகுல இவன் பேரு இருக்கட்டும்னு... அதான் நான் இவனை அந்தப் பேர்ல கூப்பிடறதே இல்ல. தோத்தோன்னுதான் கூப்பிடுவேன்.”

இல்டா எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெனிங்குக்கு ஜெயில், இந்த ஆஸ்பத்திரிச் செலவும் நிற்கும். சொல்லாவிட்டால் குளியலறையில் விழுந்தவனாகவே கிடப்பான், செபு கிடையாது.

பெனிங் யோசித்தாள். கணக்குத் தெரியாதவள் கடைக்காரனிடம் கேட்பது போலக் கேட்டாள்:

“நான் ஜெயிலுக்குப் போனா இவனை செபுவுக்குக் கொண்டு போவாங்களா?”

இருக்கிறதிலேயே எளிதான பொய் அது. இல்டா சொல்லவில்லை.

“கேஸ் முடிய வருஷமாகும், நாங். இப்ப கொண்டு போக மாட்டாங்க.”

“அப்ப அவனை இங்க யாரு பாத்துப்பாங்க?”



“வேற யார்கிட்டயாவது கேக்கலாம் பாஸ்,” என்றான் டாங்டாங். “பத்திரிகைக்காரங்க... மேயரு...” ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்ல, அந்த ஒவ்வொருவரும் பெனிங்கிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வி அவனுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

மருந்துத் தட்டோடு ஒரு புது நர்ஸ் வார்டுக்குள் வந்தாள். அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கட்டில்களைத் தேடினாள்.

“ரெய்னெர் காடுயா? ரெய்னெர் காடுயா யாரு?”

கட்டிலில் கிடந்தவனின் கண் அம்மாவிடம் போனது. அங்கேயே நின்றது.

பெனிங் துண்டை உதறினாள். சருகுத் துகள் வெயிலில் பறந்தது. திருப்பி மடித்தாள், இந்த முறை தையல் உள்பக்கம் போகும்படி. பையனின் தோளுக்கு அடியில் கைவிட்டு, கவசம் அசையாமல், ஈரமான முதுகுக்கும் படுக்கைக்கும் நடுவில் அதை மெல்லச் சொருகினாள். வால் காலருக்கு வெளியே தெரிய இழுத்துவிட்டாள்.

“இங்கதான், மேம்,” என்றாள். “ரெய்னெர் இங்கதான் இருக்கான்.”

பையன் கண்ணை மூடிக்கொண்டான்.